ஊருக்கு இது போதும்னு யார் சொன்னது?

சின்ன வெங்காயத்துல வர்ற திருகல் நோயைப் பத்தி இந்த வாரம் எழுதறதா சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரம் பார்ப்போம். இப்போ டயரைப் பத்தி எழுதப் போறேன். கொஞ்சம் கோபத்தோடதான் எழுதறேன், படிக்கிறவங்க பொறுத்துக்கணும்.

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கும்போது சென்னையிலிருந்து அண்ணன் மகன் போன் பண்ணினான். நல்ல பையன்தான், பெரியவங்க மேல மரியாதை உள்ளவன். அவன் சம்சாரத்துக்குப் புது ஸ்கூட்டர் எடுத்திருக்காங்களாம். "சித்தப்பா, பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சுல அடிமாட்டு விலைக்குக் கேக்கறான். அதுக்குப் பதிலா உங்களுக்கு அனுப்பிடறேன். டயர் மட்டும் கொஞ்சம் மொட்டையா இருக்கு. ஊருக்குள்ள ஓட்டறதுக்கு அது போதும்"னு சொன்னான்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. அவன் மேல கோபம்னு சொல்ல முடியாது. இதே வார்த்தையை மூணு வருஷத்துக்கு முன்னாடி நானே என் வாயால சொல்லியிருக்கேன். அதுக்கு விலை கொடுத்தது என் பொண்ணு.

நகரத்துல இருக்கிற உங்ககிட்ட முதல்ல ஒண்ணு கேக்கறேன். "ஊருக்குள்ள ஓட்டறது"ன்னா என்னன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க? வேப்பமரத்தடியில இருந்து டீக்கடை வரைக்கும் போயிட்டு வர்றதுன்னா? சினிமாவுல அப்படித்தான் காட்டறாங்க. எங்க ஊர்ல ஒரு ஸ்கூட்டர் ஒரு நாள் என்ன செய்யுதுன்னு சொல்றேன், கேளுங்க.

காலையில அஞ்சே முக்காலுக்கு ரெண்டு கேன் பாலோட சொசைட்டிக்குப் போகுது. திரும்பி வந்து பொண்ணை ஏத்திக்கிட்டு மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு, இல்லேன்னா பொண்ணே ஓட்டிக்கிட்டு பெரம்பலூர் காலேஜுக்கு. பதினாலு கிலோமீட்டர் போக, பதினாலு வர. மத்தியானம் நான் எடுத்தா உரக்கடைக்கு. யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. 50 கிலோ. கால் வைக்கிற இடத்துல ஒண்ணு, பின் சீட்டுல ஒண்ணு. நான் 68 கிலோ. கூட்டிப் பாருங்க, நூத்தி அறுபதைத் தாண்டுது. சாயங்காலம் சோளத்தட்டைக் கட்டு, மாட்டுத்தீவனம், சில நாள் கன்னுக்குட்டியே கூட வந்திருக்கு. வழியில ஜல்லி பேந்த தார் ரோடு, அதுக்கப்புறம் செம்மண் பாதை, ரெண்டு பக்கமும் சீமைக்கருவேல முள்ளு. தெரு விளக்கு மூணு கிலோமீட்டருக்கு ஒண்ணு. விழுந்தா தூக்கிவிட ஆள் வர்றதுக்கே அரை மணி நேரம் ஆகும்.

உங்க வண்டி என்ன செய்யுது? வீட்டிலிருந்து மெட்ரோ ஸ்டேஷன், மார்க்கெட், பிள்ளைங்க ஸ்கூல். நான் குறைச்சுச் சொல்லலை, உங்க டிராஃபிக்குல என்னால பத்து நிமிஷம் ஓட்ட முடியாது. ஆனா டயருக்கு எது கஷ்டம்னு கேட்டா எங்க ரோடுதான். அப்படின்னா நல்ல டயர் யாருக்கு வரணும்? நடக்கறது தலைகீழா இருக்கு. புது டயர் உங்க வண்டிக்கு. தேஞ்சது, வெடிச்சது, ரீபட்டன் போட்டது, சூடு பிளேடால பட்டன் கீறினது, இதெல்லாம் "ஊருக்குப் போதும்".

என் கதைக்கு வர்றேன்.

2022-ல இதே அண்ணன் மகன் கொடுத்த ஸ்கூட்டர் எங்க வீட்டுக்கு வந்துச்சு. 2016 மாடல். அதுக்கு முன்னாடி எங்ககிட்ட இருந்தது டி.வி.எஸ். எக்ஸ்.எல். மட்டும்தான். 1980-ல டி.வி.எஸ். 50 வந்ததிலிருந்து எங்க பக்கம் விவசாயி வீட்டுல மாட்டுக்கு அடுத்து அந்த வண்டிதான். அது என்கிட்டயே இருக்கட்டும், ஸ்கூட்டர் பொண்ணுக்குன்னு முடிவு பண்ணினோம். பொண்ணுக்கு அப்படி ஒரு சந்தோஷம். சீட் கவர் மாத்தணும்னா, மாத்தினேன். முன்னாடி பின்னாடி கார்டு, புது கண்ணாடி, கைப்பிடிக்கு கலர் உறை, மொபைல் வைக்கிற ஸ்டாண்டு, எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய் ஆச்சு. டயரை யாரும் பார்க்கலை. பார்த்திருந்தாலும் பட்டன் கொஞ்சம் இருந்துச்சு, ஓடட்டும்னு விட்டிருப்பேன்.

ஒரு வருஷம் ஓடுச்சு. 2023-ல பின் டயர் சுத்தமா மொட்டை. பக்கத்து டவுன்ல இருக்கிற ஒரு கடைக்குப் போனேன். கடை பேரு வேண்டாம். வாசல்ல கம்பியில மாலை மாதிரி டயர் தொங்கும். கடைக்காரர் ரெண்டு விலை சொன்னார். ஒண்ணு 1,650. இன்னொண்ணு அதே அளவு, அதே கம்பெனி, 1,200. "என்ன வித்தியாசம்?"னேன். "இது பழைய ரேட்டு ஸ்டாக். உங்களுக்கு ஊருக்குள்ள ஓட்டத்தானே? இது போதும்"னார். "ஆமாமா, ஊருக்குள்ளதான், போதும்"னு நானும் சொன்னேன். அதுலயும் அம்பது ரூபா குறைச்சு 1,150-க்கு வாங்கினேன். அம்பது ரூபாய் ஜெயிச்ச சந்தோஷத்துல வீட்டுக்கு அரைக் கிலோ மிக்சர் வாங்கிக்கிட்டுப் போனது இன்னைக்கும் ஞாபகம் இருக்கு.

2024 கார்த்திகை மாசம். முந்தின நாள் ராத்திரி மழை. காலையில தூறல் நின்னிருந்துச்சு. ஏரிக்கரை வளைவுல எதிர்ல மினி பஸ் வந்திருக்கு. பொண்ணு பிரேக் பிடிச்சிருக்கா. பின் சக்கரம் அப்படியே சறுக்கி வண்டி படுத்துடுச்சு. பஸ் டிரைவர் நல்ல மனுஷன், நிறுத்திட்டார். நிறுத்தலைன்னா இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன்.

வலது கை மணிக்கட்டு உடைஞ்சு போச்சு. ரெண்டு நாள் கழிச்சு அவளுக்கு செமஸ்டர் பரீட்சை. ரெண்டாம் வருஷம் பி.எஸ்சி. எழுதற கையில மாவுக்கட்டு. அஞ்சு பேப்பரும் போச்சு. "பரவாயில்லப்பா, அடுத்த தடவை எழுதிக்கலாம்"னு அவதான் எனக்கு ஆறுதல் சொன்னா. அந்த அஞ்சையும் இந்த வருஷப் பேப்பரோட சேர்த்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து படிச்சு எழுதினா. விளக்கு வெளிச்சம் வாசல் வரைக்கும் வரும். நான் திண்ணையில படுத்துக்கிட்டு அதைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்.

விழுந்த வண்டியை எடுத்துக்கிட்டு எங்க ஊர் மெக்கானிக் தம்பிகிட்டப் போனேன். அவன் பின் டயரை நகத்தால அழுத்திப் பார்த்தான். "அண்ணே, இது ரப்பர் இல்ல, கட்டை"ன்னான். "பட்டன் நல்லாத்தானேப்பா இருக்கு, போன வருஷம்தான் போட்டேன்"னேன். பக்கவாட்டுல ஒரு இடத்தைத் துடைச்சுக் காட்டினான். நாலு எண். 3418. "இது என்னன்னு தெரியுமாண்ணே? 2018-ம் வருஷம், 34-வது வாரம் செஞ்ச டயர். நீங்க வாங்கும்போதே இதுக்கு அஞ்சு வயசு."

எனக்குத் தலை சுத்துச்சு. நான் முப்பது வருஷமா விவசாயம் பண்றவன். மக்காச்சோள விதைப் பாக்கெட்டைக் கையில எடுத்தா முதல்ல நான் பார்க்கறது தேதி. எப்போ சோதிச்சது, எப்போ வரைக்கும் செல்லும்னு பார்க்காம ஒரு பாக்கெட் வாங்கினது கிடையாது. பூச்சி மருந்து பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். காலாவதியான மருந்தைக் கொடுத்துட்டான்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டிருக்கேன். என் பொண்ணு உயிரைத் தாங்கற ரப்பருக்கும் தேதி உண்டுன்னு எனக்குத் தெரியலை. பத்தாவது வரைக்கும் படிச்சேன், யாரும் சொல்லித் தரலை. அந்த நாலு எண்ணும் எல்லார் கண்ணுக்கும் தெரியற இடத்துலதான் இருக்கு.

நேரா அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே, "டயர் என்ன தக்காளியா, அழுகிப் போறதுக்கு?"ன்னார். அதுக்கப்புறம் சொன்னதுதான் முக்கியம். "தேதி கேட்டு வாங்கறவங்களுக்குப் புதுசு எடுத்துக் கொடுத்துடுவோம். உங்க பக்கத்து ஆளுங்க யாரும் கேக்கறதில்லையே"ன்னார்.

பாத்தீங்களா? அவர் பொய் சொல்லலை. நாங்க கேக்கலை. கேக்காதவன் தலையில கட்டலாம்னு ஒரு கணக்கு. ஏமாத்தினேன்னே அவர் நினைக்கலை, ஊருக்குப் போதும்னு நிஜமாவே நம்பறார்.

நியாயமா ஒண்ணைச் சொல்லிடணும். அந்த டயராலதான் விழுந்தான்னு கோர்ட்டுல நிரூபிக்க என்னால முடியாது. ஈரம் இருந்துச்சு, வளைவு இருந்துச்சு, பஸ் வந்துச்சு. டயரும் நிழல்ல, வெயில் படாம, எண்ணெய் படாம வச்சிருந்தா சில வருஷம் தாங்கத்தான் செய்யும். ஆனா அது பெரம்பலூர் வெயில்ல வாசல்ல தொங்கின டயர். வெயில்லயும் சூட்டுலயும் ரப்பர் இறுகும். இறுகின ரப்பர் காஞ்ச ரோட்டுல ஒண்ணும் காட்டாது, ஈரத்துலதான் காட்டும். பட்டன் ஆழமா இருந்துச்சேன்னு கேக்காதீங்க. பட்டன் தண்ணியை வெளியே தள்ளும், ரோட்டைப் பிடிக்க வேண்டியது ரப்பர். என் காலணி அடி இறுகிப்போனா வரப்புல வழுக்குதே, அதே கதைதான்.

இன்னொரு கொடுமை. திருச்சி போற நெடுஞ்சாலையில நாரணமங்கலத்துல பெரிய டயர் ஆலையே இருக்கு. எங்க ஊர்ப் பையனுங்க அங்க வேலைக்குப் போறாங்க. நான் வாங்கின டயர் அந்த ஆலையோடது இல்லை, தப்பு செஞ்சவங்க மேலயும் இல்லை. ஆனா டயர் செய்யற மாவட்டத்துல உக்காந்துக்கிட்டு அஞ்சு வருஷம் பழைய டயரை வாங்கியிருக்கேன் பாருங்க. கன்னியாகுமரியில ரப்பர் மரம் கீறறவனும் நம்ம ஆளு, ஆலையில வேலை பாக்கறவனும் நம்ம ஆளு, கடைசியில கட்டையில ஓட்டறவனும் நம்ம ஆளு.

அந்த மெக்கானிக் தம்பிகிட்ட உக்காந்து நான் கத்துக்கிட்டதை எழுதறேன். உங்களுக்கும் உதவும், ஊர்ல இருக்கிற உங்க சொந்தக்காரங்களுக்கும் உதவும்.

எங்க ஸ்கூட்டர் டயர்ல 90/100-10 53J-ன்னு இருந்துச்சு. 90-ங்கறது அகலம், மில்லிமீட்டர்ல. 100-ங்கறது உயரம், அகலத்துல நூத்துக்கு நூறுன்னு அர்த்தம். 10 ரிம் அளவு, இஞ்சுல. 53-ங்கறது எடை கிலோ இல்லை, அது ஒரு குறியீடு. அந்த எண்ணுக்கு ஒரு டயர் 206 கிலோ தாங்கும்னு அர்த்தம். J-ன்னா மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். ரெண்டு டயருக்கும் சேர்த்து 412 கிலோ தாங்குமேன்னு கணக்குப் போடாதீங்க. ஸ்கூட்டர்ல இன்ஜினே பின் சக்கரத்துக்கிட்டத்தான் இருக்கு. அது மேல பின் சீட்டு ஆளு, அது மேல மூட்டை. பாதிக்கு மேல பின் டயர் தலையிலதான். மூணு பேர் ஏறிக்கிட்டு மூட்டையும் வச்சா டயர் எல்லையைத் தொட்டுடுது. அதனால மலிவா கிடைக்குதுன்னு அந்த எண் குறைஞ்ச டயரைப் போட்டுடாதீங்க. யூடியூப்ல டயர் பத்திப் பேசற பிள்ளைங்க லீன் பண்ணா கிரிப் எப்படி, ஹைவேயில எப்படின்னுதான் சொல்றாங்க. ரெண்டு பால் கேனோட செம்மண்ல திரும்பினா எப்படின்னு ஒருத்தரும் சொல்லலை. நான் தேடிப் பார்த்துட்டேன்.

அகலமான டயர் போட்டா பிடிமானம் அதிகம்னு ஒரு பேச்சு இருக்கு. எங்க ஊர்ப் பசங்க 90 இருக்கிற இடத்துல 100 போடறானுங்க. ஸ்கூட்டர்ல பின் சக்கரத்துக்குப் பக்கத்துலயே பெல்ட் பெட்டி இருக்கு, இடைவெளி விரலளவுதான். சேறு ஒட்டினா உரசும். பெட்ரோலும் கூடக் குடிக்கும். கம்பெனிக்காரன் போட்ட அளவே போதும். இந்த இடத்துல மட்டும் "போதும்"கற வார்த்தையை நானே சொல்லிக்கறேன்.

அடுத்து ஒரு தந்திரம். இதை எங்க பக்கத்து மெக்கானிக்குங்க பாதிப் பேர் செய்யறாங்க, உங்க பக்கமும் இருக்கும். பின் டயர் எப்பவும் சீக்கிரம் தேயும். ரெண்டு சக்கரமும் ஒரே அளவு இருக்கிற வண்டியில, தேஞ்ச பின் டயரைக் கழட்டி முன்னாடி மாட்டிடுவாங்க. முன்னாடி இருந்த நல்லதைப் பின்னாடி போட்டுடுவாங்க. ஒரு பைசா செலவில்லாம ஆறு மாசம் ஓட்டலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பிரேக் பிடிச்சா பாரம் முன்னாடி போகும். வண்டி திரும்பறதும் முன் சக்கரத்துலதான். பின் சக்கரம் சறுக்கினா சில சமயம் காலை ஊன்றிச் சமாளிச்சுடலாம், என் பொண்ணால முடியலை, அது வேற. முன் சக்கரம் சறுக்கினா சமாளிக்க நேரமே கிடையாது, முகம்தான் முதல்ல ரோட்டுல படும். 2019 ஏப்ரலுக்கு மேல வித்த 125 சிசி வரைக்குமான வண்டிகள்ல ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற அமைப்பு கட்டாயம்னு ஆயிடுச்சு. பின் பிரேக் பிடிச்சாலே முன்னாடியும் கொஞ்சம் பிடிக்கும். அந்த வண்டியில முன்னாடி மொட்டை டயரை மாட்டறவனை என்ன சொல்றது?

எப்போ மாத்தணும்னு கேட்டா, பட்டன் பள்ளத்துக்குள்ள குட்டியா ஒரு மேடு இருக்கும். பக்கவாட்டுல அது இருக்கிற இடத்துக்கு நேரா சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ.ன்னு எழுத்தோ இருக்கும். பட்டன் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா அதோட வாழ்க்கை முடிஞ்சுது. அதுக்கு மேல பேரம் கிடையாது. பக்கவாட்டுல வயல் வெடிப்பு மாதிரி கீறல் விட்டிருந்தா பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாத்திடுங்க.

டியூப்லெஸ் பத்தி ஒரு வார்த்தை. முள்ளு ஏறினா டியூப் வண்டி உடனே உக்காந்துடும். டியூப்லெஸ்ல காத்து மெதுவா இறங்கும், வீடு வந்து சேர்ந்துடலாம். பொம்பளைப் பிள்ளைங்க தனியாப் போற வண்டிக்கு அது பெரிய விஷயம். ஆனா எங்க ரோட்டுப் பள்ளத்துல பத்து இஞ்சு சக்கரம் முழுசா இறங்கி ஏறும், தகர ரிம் நசுங்கும், நசுங்கின இடத்துல காத்து கசியும். அப்போ "உள்ள ஒரு டியூபைப் போட்டுடலாம்"பாங்க. வேண்டாம், ரிம்மைச் சரி பண்ணுங்க, இல்லேன்னா மாத்துங்க. இந்தப் பள்ளத்தைத் தாண்டற விஷயத்துல எக்ஸ்.எல்.-லோட பதினாறு இஞ்சு சக்கரம்தான் ராஜா. அதனாலதான் நான் அதை விடலை.

காத்து. இதுக்கு ஒரு பைசா செலவில்லை, இதைத்தான் யாரும் செய்யறதில்லை. எங்க ஸ்கூட்டருக்கு முன்னாடி 22, பின்னாடி ஒரு ஆளுக்கு 29, ரெண்டு ஆளுக்கு 36-ன்னு போட்டிருக்கு. உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு வண்டிப் புத்தகத்துல பாருங்க. மூட்டை ஏத்தற நாள்ல பின்னாடி ரெண்டு ஆள் கணக்கு. நான் முன்னெல்லாம் கட்டைவிரலால அழுத்திப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு"ன்னு ஓட்டிக்கிட்டு இருந்தவன்.

இப்போ இந்த அலங்காரம், அப்கிரேடு சமாச்சாரம். பொண்ணு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தப்புறம் ஒரு நாள் வண்டி முன்னாடி நின்னு பார்த்தேன். சீட் கவர் பளபளன்னு இருக்கு. கைப்பிடி உறை ரோஸ் கலர். 2,600 ரூபாய்க்கு இதெல்லாம் வாங்கினேன், 500 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் கட்டையை வாங்கினேன். அந்த ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கவே வெக்கமா இருந்துச்சு. வண்டியில மாட்டற எல்லாத்தையும் நான் தப்புன்னு சொல்லலை. புடவைத் தடுப்பு வேணும், கண்ணாடி வேணும். சுமை ஏத்தற வண்டிக்குப் பின் ஷாக் அப்சர்வர் செத்துப் போயிருந்தா அதை மாத்தறது டயருக்கு அடுத்த செலவு. இல்லேன்னா புது டயரும் ஒரு பக்கமாத் தேயும். பிரேக் ஷூ, அதோட கேபிள். இதெல்லாம் முடிஞ்சு கையில காசு இருந்தா கலர் உறை வாங்கிக்கலாம். கண்ணைக் குத்தற வெள்ளை லைட்டு போடறானுங்களே, அவனுங்களை மட்டும் என்னால மன்னிக்க முடியாது. ராத்திரி மோட்டார் போட எக்ஸ்.எல்.-ல போற எனக்கு எதிர்ல அந்த லைட்டு வந்தா வாய்க்கா எது ரோடு எதுன்னு தெரியறதில்லை.

"ஏழை விவசாயி, புது டயருக்கு எங்க போவான்?"னு இரக்கப்படறவங்களும் இருக்காங்க. அந்த இரக்கமும் வேண்டாம். கணக்குப் பார்ப்போம். ரெண்டு டயர் மூவாயிரம் ரூபாய்னு வச்சுக்கங்க. எங்க ரோட்டுல 20,000 கிலோமீட்டர் ஓடுதுன்னு வச்சா கிலோமீட்டருக்கு 15 பைசா. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், 45 கிலோமீட்டர் கொடுக்குதுன்னா கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 22 பைசா. பெட்ரோல்ல கிட்டத்தட்ட பதினஞ்சுல ஒரு பங்குதான் டயர் செலவு. என் பொண்ணு கைக்குத் தகடு வச்சதுக்கு நான் கட்டின பணத்துல எத்தனை ஜோடி டயர் வாங்கியிருக்கலாம்னு கணக்குப் போட்டுப் பார்த்துட்டு பாதியில நிறுத்திட்டேன்.

இதுல அரசாங்கத்தையும் விடறதுக்கில்லை. 2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்தப்போ ஸ்கூட்டர் டயருக்குப் போட்ட வரி 28 சதவீதம். ஏ.சி. மெஷினுக்கு என்ன வரியோ அதே வரி. எட்டு வருஷம் கழிச்சு 2025 செப்டம்பர் 22-லிருந்துதான் அதை 18 ஆக்கினாங்க. டிராக்டர் டயருக்கு 5. சந்தோஷம்தான். ஆனா விவசாயின்னா டிராக்டர்னு ஒரு படம் மனசுல இருக்கு போல. ரெண்டு ஏக்கர்காரன் வீட்டுல டிராக்டர் ஏது? அவன் டிராக்டர், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாமே அந்த ஸ்கூட்டரும் எக்ஸ்.எல்.லும்தான். விலை குறைஞ்சிருக்கே, பழைய ஸ்டாக்குக்கும் குறைச்சீங்களான்னு உங்க கடைக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க. நான் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

எங்க மேலயும் தப்பு இருக்கு, மறைக்கலை. தை, மாசியில மக்காச்சோளத்தை ரோட்டுலதான் காய வைக்கிறோம். களம் இருக்கிற ஊர்ல இடம் போதலை, இல்லாத ஊர்ல வேற வழி இல்லை. ஆனா அந்த மணி மேல டயர் ஏறினா எவ்வளவு புது டயரும் உருண்டுடும். ராத்திரி கல்லை அடுக்கி வச்சுட்டு எடுக்காமப் போறவங்களும் எங்க ஆளுங்கதான். என் பொண்ணு விழுந்தப்புறம் நான் ரோட்டுல காயப் போடறதை விட்டுட்டேன். வீட்டு மாடியில போடறேன். மூட்டை ஏத்தி இறக்க முதுகு போகுது.

எங்க ஊர்ல இப்போ டயர் வாங்கப் போறவங்க என்னையும் கூப்பிடறாங்க. நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்த நாலு எண்ணைத் தேடறேன். போன மாசம் பக்கத்துத் தெருக்காரர் ஒருத்தருக்கு வாங்கப் போனோம். கடைப் பையன் முதல்ல எடுத்த டயர் நாலு வருஷம் பழசு. தேதி சரியில்லையேன்னதும் உள்ள போய் மூணு மாசத்துக்கு முன்னாடி செஞ்சதைக் கொண்டு வந்தான். ரெண்டுக்கும் ஒரே விலை சொன்னான்!

அண்ணன் மகனுக்கு என்ன பதில் சொன்னேன்னு கேக்கறீங்களா? "தம்பி, வண்டியை அனுப்பு, சந்தோஷமா வாங்கிக்கறேன். ஆனா ரெண்டு டயரையும் அங்கேயே மாத்தி அனுப்பு. பணம் நான் தர்றேன். கீழ பார்க்கிங்ல போய் இப்போ இருக்கிற டயர்ல நாலு எண் என்ன போட்டிருக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லு. உன் சம்சாரம் இத்தனை நாள் எதுல போயிட்டு வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்"னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் செருப்புப் போடற சத்தம் கேட்டுச்சு. கால் மணி நேரம் கழிச்சு வாட்ஸப்புல போட்டோ வந்துச்சு. ஒரே சேறு, எண் தெரியலை. துடைச்சுட்டு இன்னொண்ணு அனுப்புன்னு சொல்லியிருக்கேன்.